பிளெக்ஸ் வீட்டுக்கு வைத்த சீல்

நெடுமாங்குளம் பேரூராட்சியில் ஒரு வீட்டைக் கட்ட அனுமதி கொடுப்பதற்கு முன்னால், அந்த வீடு எப்படி இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள். பார்க்காமல் எதையும் கொடுப்பதில்லை என்பது அந்த அலுவலகத்தின் கொள்கை. நல்ல கொள்கைதான். அதற்குள் ஒரு சின்னச் சிக்கல் ஒளிந்திருந்தது. அதில் போய்த் தலையைக் கொடுத்தவன் பெயர் தென்னரசு.

தென்னரசு திண்டிவனத்தில் ஒரு மல்லாட்டை மண்டியில் நிலக்கடலை மூட்டைகளை எடை போடுகிறவன். அண்ணன் குடும்பத்தோடு ஒரே கூரையில் இருந்தான். சின்னது பெரியது எல்லாம் சேர்த்துப் பதினோரு உயிர்கள் இருந்த அந்த வீட்டில் கக்கூசு ஒன்றுதான். அதற்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் கிடையாது. உள்ளே இருக்கிறவர் இருமிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது வீட்டு வழக்கம். கல்யாணமாகி வந்த நாள்முதல் ஜெசிந்தாவும் இருமினாள். ஒரு நாள் பெரியப்பா முறையுள்ள ஒருவர் கதவைத் திறந்துவிட்டு, "நீ இருமினது சன்னமா இருந்துதும்மா, காதுல விழல" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ஜெசிந்தா மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்தில் இருக்கும் தன் அம்மா லூர்துமேரியின் வீட்டுக்குப் போய்விட்டாள். அங்கே ஒரு துணிக்கடையில் வேலைக்கும் சேர்ந்துவிட்டாள்.

"தாப்பா போட்ட கக்கூசு ஒண்ணு கட்டிட்டு போன் பண்ணு, வர்றேன்" என்றாள்.

"கக்கூசு மட்டும் போதுமா?"

"அதச் சுத்தி ஒரு வீடு இருந்தா வேணாம்னா சொல்லப்போறேன்."

பிரம்மதேசம் போகிற ரோட்டில், நெடுமாங்குளம் எல்லைக்குள் புதிதாகப் பிரித்த மனைகளில் தென்னரசுவுக்கு ஒன்று இருந்தது. வரைபடம் போட்டுத் தர திண்டிவனத்தில் பார்சுவநாத் இருந்தார். செஞ்சிப் பக்கத்துச் சமணர். பொழுது சாய்வதற்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பதால், பொழுது சாய வருகிறவர்களுக்கு அவர் வரைபடமும் தருவதில்லை, வழியும் சொல்வதில்லை. தென்னரசு மத்தியானமே போய்விட்டான். ஒரு கூடம், ஒரு அறை, ஒரு சமையல்கட்டு, எல்லாவற்றுக்கும் முன்னதாக ஒரு கக்கூசு என்று வரைபடம் கச்சிதமாக வந்தது. அதை எடுத்துக்கொண்டு பேரூராட்சி அலுவலகத்தின் கணினிப் பிரிவில் இருந்த அன்புச்செல்வியின் முன்னால் போய் நின்றான்.

"எல்லாம் கரெக்டா இருக்குது சார். போட்டோ மட்டும் இல்ல" என்றாள் அன்புச்செல்வி.

சட்டைப்பையில் இருந்த பாஸ்போர்ட் அளவுப் படத்தை எடுத்து நீட்டினான்.

"உங்க போட்டோ இல்ல சார், வீட்டு போட்டோ. இங்க பாருங்க, செவப்பு நட்சத்திரம் போட்ருக்குதா? அப்படின்னா கட்டாயம். வீட்டு முன்னாடி ஓனரு நிக்கற மாதிரி, அந்த எடத்துலயே எடுத்தது வேணும்."

"வீடு கட்டத்தான மேடம் பர்மிஷன் கேக்கறேன்."

"அது எனக்குத் தெரியுது சார். கம்ப்யூட்டருக்குத் தெரியல."

வீட்டு வரிக்கு ஒரு மென்பொருளும் கட்டட அனுமதிக்கு ஒரு மென்பொருளும் முன்பு தனித்தனியாக இருந்தன. ஒன்றுக்கு இரண்டு எதற்கு என்று சிக்கன உணர்வுள்ள யாரோ இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார்கள். வரி கட்டுகிறவனிடம் கேட்க வேண்டிய படத்தை அது இப்போது வீடு கட்டப் போகிறவனிடமும் கேட்டது. அதற்கு முகம் பார்த்துப் பழக்கமில்லை.

தென்னரசு மனைக்குப் போய், வேலிகாத்தான் முள்ளுக்கு முன்னால் நின்று ஒரு படம் எடுத்து ஏற்றிப் பார்த்தான். பதில் உடனே வந்தது. 'கட்டடம் காணப்படவில்லை. உரிமையாளர்: ஒருவர். இதர: ஆடு.'

இனி செயல் அலுவலரைப் பார்ப்பதைத் தவிர வழியில்லை.

செயல் அலுவலர் சுப்பராயலு கை சுத்தமானவர். அடுத்தவர் வாங்கித் தரும் டீயைக்கூடத் தொடமாட்டார். 'இங்கு கையூட்டு பெறப்படமாட்டாது' என்ற பித்தளைப் பலகை மேசைமேல் எந்நேரமும் பளபளவென்று இருக்கும். தினமும் காலையில் அதைத் துடைப்பதுதான் அந்த அலுவலகத்தில் தவறாமல் நடக்கும் ஒரே வேலை. அவருக்கு முன்னால் இருந்தவர் வாங்குகிறவர். ஊரில் இன்று நிற்கும் வீடுகள் எல்லாம் அவர் காலத்தவை.

தென்னரசு சொன்னதை எல்லாம் சுப்பராயலு பொறுமையாகக் கேட்டார். பிறகு நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றுகொண்டார். பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"தம்பி, இந்த நாற்காலியில உக்காந்ததுலருந்து தப்பா ஒரு வீட்டுக்குக்கூட நான் அனுமதி குடுத்தது கெடையாது. இன்னும் சொல்லப்போனா ஒரு வீட்டுக்குக்கூட அனுமதி குடுத்தது கெடையாது. விழுப்புரத்துல மாசாமாசம் கூட்டம் நடக்குது. எல்லாப் பேரூராட்சி மேலயும் புகார் வரும். அங்க வீடு இடிஞ்சி வுழுந்துது, இங்க ரோட்டுல நீட்டிக்கினு இருக்குதுன்னு. நம்ம ஊர் பேர் மட்டும் வராது. ஏன்? கட்டினாத்தான இடியும்?"

"அப்ப பர்மிஷன் இல்லாமயே கட்டிட்டு, அத போட்டோ எடுத்துக்கினு வரட்டுங்களா சார்?"

"அது குற்றம். வந்து இடிச்சிடுவேன்."

"இடிச்சிட்டா அப்புறம் போட்டோவுக்கு எங்க சார் போறது?"

சுப்பராயலு யோசித்தார். மக்கள் குறைகளைத் தீர்ப்பதில் அக்கறை உள்ளவர். "இடிக்கறதுக்கு முன்னாடியே ஒண்ணு எடுத்து வச்சிக்கோங்க" என்றார்.

தென்னரசு மறுபடி பார்சுவநாத்திடம் ஓடினான். அவர் டிபன் கேரியரைத் திறந்துகொண்டிருந்தார். ஜன்னல் வழியே வெயிலைப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் இருந்தது.

"ஜல்தியா சொல்லு தம்பி."

"வேற யாரு வூட்டு போட்டோவயாவது ஏத்திடலாமாண்ணா?"

"நடக்காது. எந்த எடத்துல எடுத்ததுன்னு செல்போனே காட்டிக் குடுத்துடும். உன் மனையில நின்னுதான் எடுக்கணும். வீடும் அங்கதான் இருக்கணும். ஆனா ஒண்ணு. வீடு எதால செஞ்சிருக்கணும்னு விதியில எங்கயும் சொல்லல."

"எதாலன்னா?"

"செங்கல்லாலயா, துணியாலயான்னு." முதல் சப்பாத்தியைப் பிய்த்தார் பார்சுவநாத். ஆலோசனை முடிந்தது.

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறான் வல்லரசு. கல்யாணம், காதணி விழா, கண்ணீர் அஞ்சலி என்று மூன்று வகை மனிதர்களைத்தான் அவன் அதுவரை பார்த்திருந்தான். நாலாவதாக வீடு கேட்டு ஒருவன் வந்தது அவனுக்கு உற்சாகமாக இருந்தது. ஆனால் அவனிடம் ஒரு குணம் உண்டு. பிளெக்ஸில் ஒரு சாண் இடம் காலியாக இருந்தால் அவனுக்குச் சோறு இறங்காது.

"மொட்டையா இருந்துதுண்ணே, அதான் மேல ஒரு மாடி போட்டுட்டேன்" என்றான், சுருளை விரித்துக்கொண்டே. "ஒரே ரேட்டுதான். கீழ ஒரு கார் வச்சிருக்கேன். வேற ஒரு அண்ணன் பொறந்தநாளுக்கு எடுத்தது, அவரு ஒண்ணும் சொல்லமாட்டாரு."

"மாடியில ஒரு பொம்பள நிக்குதேடா."

"பால்கனி காலியா இருந்துதுண்ணே. நகைக்கடை விளம்பரத்துல வந்த படம். கும்புட்டுக்கினு நிக்குது பாரு, எவ்ளோ லட்சணம். வீட்டுக்கு வர்றவங்கள வரவேற்க ஆளு வேணாமா?"

அதை எடுத்துவிட்டு வேறு அடிக்கத் தென்னரசுவிடம் காசில்லை. மனையில் நாலு சவுக்குக் கம்பு நட்டு, வீட்டைக் கட்டினார்கள். அதாவது கயிற்றால் கட்டினார்கள். ரோஸ் நிறத்தில் இரண்டு மாடி எழும்பி நின்றது. தென்னரசு சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு அதன் முன்னால் நின்றான். வல்லரசு படம் எடுத்தான்.

'கட்டடம் காணப்பட்டது. தளங்கள்: இரண்டு. வாகனம்: ஒன்று. நன்றி.'

தென்னரசு அப்போதே ஜெசிந்தாவுக்குப் போன் போட்டு, "ஆயிடும் போலருக்குது" என்றான். கடையில் புடவை விரித்துக்கொண்டிருந்த ஜெசிந்தா, "போலருக்குதுன்னா வரமாட்டேன். ஆச்சின்னாதான் வருவேன்" என்று வைத்துவிட்டாள்.

அந்த வாரக் கடைசியில் மனைக்குப் போனவன், வீட்டுக் கதவில் ஒரு காகிதம் ஒட்டியிருப்பதைக் கண்டான். பிளெக்ஸில் அச்சாகியிருந்த கதவின்மேல், சரியாக நடுவில், பசை வழியாமல் ஒட்டியிருந்தார்கள். உரிய அனுமதியின்றி இரண்டு தளங்கள் கட்டியதற்கு விளக்கம் கேட்டிருந்தார்கள்.

மறுநாள் அமாவாசை. அலுவலகமே மேல்மலையனூருக்குப் போயிருந்தது. அதற்கு மறுநாள் அங்காளம்மன் குங்குமத்தோடு சுப்பராயலு உட்கார்ந்திருந்தார். தென்னரசு போய் நின்று, "சார், அது வீடு இல்ல, பிளெக்ஸு. நீங்க கேட்டீங்கன்னுதான் வச்சேன்" என்றான்.

சுப்பராயலு கணினியைத் தன் பக்கம் திருப்பினார். "இங்க வீடுன்னுதான் இருக்குது. சரி, மாடியில நிக்கற அம்மா யாரு?"

"அது படம் சார்."

"படத்துல இருக்காங்களான்னு கேக்கல. யாருன்னு கேட்டேன். உங்க சம்சாரமா?"

"இல்ல சார்."

"அக்கா தங்கச்சி?"

"இல்ல சார்."

"அப்ப வாடகைக்கு விட்ருக்கீங்க." சுப்பராயலு பேனாவைத் திறந்தார். "வாடகைக்கு விட்டா வணிகக் கட்டடம். வணிகக் கட்டடம்னா ரெண்டு கார் நிக்க எடம் விடணும். ஒண்ணுதான் தெரியுது. அன்புச்செல்வி, அதயும் ஒரு குத்தமா சேத்துக்கோம்மா."

"சார், நேர்ல வந்து ஒருக்கா பாத்துடுங்க சார்" என்று தென்னரசு கும்பிட்டான். "கையால தொட்டுப் பாத்தா தெரிஞ்சிடும்."

நேரில் வந்து பார்ப்பதற்கு சுப்பராயலு என்றும் மறுத்ததில்லை. டேப்போடு வந்தார். அன்புச்செல்வி நோட்டும் கையுமாகப் பின்னால் வந்தாள். முதலில் ரோட்டிலிருந்து வீடு எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று அளந்தார். திருப்தி. சுவரைத் தொட்டார். சுவர் உள்ளே போய் வெளியே வந்தது.

"சுவர் கொஞ்சம் மெலிசு. ஆனா உறுதி பாக்கறது வேற பிரிவு, நம்ம பிரிவு கெடையாது" என்றார்.

பிறகு வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். அங்கே வெட்ட வெளியும் வேலிகாத்தானும் மேய்கிற ஆடும் இருந்தன. சுப்பராயலு கொஞ்ச நேரம் அந்த வெளியைப் பார்த்தார். திரும்பி வந்தார்.

"எழுதிக்கோம்மா. பின்பக்கக் காற்றோட்டம் மிக நன்று. மழத்தண்ணி எங்கப்பா போவுது?"

"நேரா மண்ணுலதான் சார் எறங்குது."

"மழைநீர் சேகரிப்பு மிக நன்று."

"சார்," தென்னரசு பிளெக்ஸின் ஓரத்தை மடக்கிக் காட்டினான், "இது துணி சார்."

சுப்பராயலு டேப்பைச் சுருட்டினார். பிளெக்ஸுக்கு முன்னால், நகைக்கடைப் பெண்ணின் கும்பிடுக்குக் கீழே நின்றுகொண்டு, மேடையில் பேசுகிறவர்போலப் பேசினார்.

"தம்பி, எனக்கும் கண்ணு இருக்குது. ஆனா கண்ணு ஆளுக்கு ஆள் மாறும், பதிவு மாறாது. இன்னிக்கி இது துணின்னு நான் எழுதிட்டன்னு வையி, நாளைக்கி ஊருல இருக்கறவன்லாம் என் வீடும் துணிதான்னு வந்து நிப்பான். அப்புறம் வரி யாரு கட்டுவா? ஒரு பொய்யான வீட்ட பதிவுல ஏத்திட்டோம்னு வெளிய தெரிஞ்சா, பதிவுல இருக்கற உண்மையான வீட்டெல்லாம் ஜனங்க நம்புவாங்களா? நம்பிக்கைதான் தம்பி நிர்வாகம். அத ஒரு துணிக்காக நான் விட்டுக் குடுக்க முடியாது."

பேச்சு முடிந்ததும் வீட்டுக்குச் சீல் வைத்தார்கள். சவுக்குக் கம்பில் சங்கிலி சுற்றிப் பூட்டு போட்டார்கள். சுடச்சுட அரக்கை ஊற்றியபோது கதவில் விரல் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது. அதை, கைப்பிடிக்கு அருகே பழைய சேதம் என்று குறித்துக்கொண்டார்கள். யாரும் வாசல் வழியே உள்ளே போகக்கூடாது என்று ஒரு தாளும் ஒட்டினார்கள்.

இதற்குள் செய்தி விழுப்புரத்துக்குப் போய்விட்டது. தென்னரசுவின் அண்ணிதான் போன் செய்தாள். "உன் வீட்டுக்காரன் மாடி வீடு கட்டிட்டானாமே. மாடியில ஒருத்தி நிக்கறாளாம், பட்டுப்பொடவையில." ஜெசிந்தா விரித்த புடவையை விரித்தபடி போட்டுவிட்டு, மகளைத் தூக்கிக்கொண்டு கிடைத்த பஸ்ஸில் ஏறினாள்.

தென்னரசு மனையில்தான் இருந்தான், சீலைப் பார்த்தபடி குந்தியிருந்தான்.

"யாரு அவ?" என்றாள் ஜெசிந்தா.

"ஜெசி, அது படம்."

"படம்னு தெரியாம இருக்க எனக்கு என்னா கண்ணு அவிஞ்சா போச்சி? படத்துக்கு வேற ஆளே கெடைக்கலியா ஒனக்கு? எங்கம்மாவ போட்டு வச்சிருந்தாகூட சும்மா இருந்திருப்பேன்."

"வல்லரசு போட்டான். காலியா இருந்துதுன்னு."

"உன் மண்ட காலியா இருந்துதுன்னு போட்டான்."

மகள் பிளெக்ஸ் காரின் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டிருந்தாள். தென்னரசு நடந்ததை எல்லாம் சொன்னான். ஜெசிந்தாவின் கோபம் பால்கனியிலிருந்து மெல்ல இறங்கி, பூட்டில் வந்து நின்றது. கதவின் ஓட்டை வழியே குனிந்து பார்த்தாள். உள்ளே ஆடு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"எழுந்து வா. ஆபீசுக்குப் போலாம்."

"அந்தாளாண்ட பேச முடியாது ஜெசி. பேஜாரான ஆளு."

"நீ பேசாத. நான் பேசறேன்."

பித்தளைப் பலகைக்கு முன்னால் போய் நின்றாள் ஜெசிந்தா. மரியாதையாகத்தான் பேசினாள். துணிக்கடையில் நூறு புடவை விரித்தும் ஒன்றும் வாங்காமல் போகிறவர்களிடம் பேசிப் பழகியவள்.

"சார், எங்களுக்கு அங்க வீடு இருக்குதுங்களா, இல்லீங்களா?"

"இருக்குதும்மா. அதுதான பிரச்சனையே."

"அதுல கக்கூசு இருக்குதுங்களா?"

சுப்பராயலு கணினியைப் பார்த்தார். "ரெண்டு தளத்துக்கும் சேத்து ரெண்டுன்னு அதுவே எடுத்துக்கிச்சி."

"சந்தோஷம். அப்ப அந்த வீட்டுக்கு உள்ள நாங்க எதனா வேல பாத்தா, அதுக்கும் அனுமதி வாங்கணுங்களா?"

சுப்பராயலுவுக்கு முகம் மலர்ந்தது. விதி தெரிந்த கேள்வியை அவரிடம் யாரும் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது. எழுந்து நின்றுகொண்டார். "நல்ல கேள்விம்மா. இருக்கற வீட்டுக்கு உள்ள செய்யற வேலைக்கு உள் பராமரிப்புன்னு பேரு. சுவர் எழுப்பு, தரை போடு, பாத்ரூம் மாத்து, பேரூராட்சி தலையிடாது. குடிமக்கள் வீட்டுக்குள்ள எட்டிப் பாக்கற பழக்கம் இந்த அலுவலகத்துக்குக் கெடையாது. வாசலோட நின்னுடுவோம்."

"ஆனா வாசல்ல சீல் வச்சிருக்கீங்களே சார்."

"வாசல் வழியாத்தான் போகக்கூடாது" என்றார் சுப்பராயலு. ஒட்டிய தாளில் எழுதியிருந்ததும் அதுதான்.

அடுத்த வாரமே உள் பராமரிப்பு தொடங்கியது. செங்கல் லாரி வீட்டின் இடது பக்கமாக நுழைந்தது. சிமெண்டு வலது பக்கமாக வந்தது. கொத்தனார் முதல் நாள் தயங்கி நின்று, "எங்கம்மா கட்டணும்?" என்று கேட்டார். "வூட்டுக்குள்ள" என்றாள் ஜெசிந்தா. அவர் கதவின் ஓட்டை வழியே ஒருமுறை பார்த்துவிட்டு, மேற்கொண்டு எதையும் கேட்காமல் கரணையைக் கையில் எடுத்தார். பார்சுவநாத்தின் பழைய வரைபடம் அப்படியே வேலைக்கு ஆயிற்று. முதலில் கக்கூசு எழும்பியது. அதைச் சுற்றி வீடு எழும்பியது.

விடுமுறை கிடைத்தபோதெல்லாம் ஜெசிந்தா விழுப்புரத்திலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனாள். திண்டிவனம் பஜாரில் ஒவ்வொரு தாழ்ப்பாளையும் இழுத்துத் தள்ளிப் பார்த்து, ஒரு குண்டுத் தாழ்ப்பாளைத் தானே வாங்கி வந்தாள். கூடவே ஒரு பூட்டும். வேலை முடிந்த பின்பும் கக்கூசை யாரும் தொடக்கூடாது என்று பூட்டிச் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டாள். சர்ச்சிலிருந்து சாமியார் வந்து வீட்டை மந்திரித்துத் தீர்த்தம் தெளிக்கும் வரைக்கும் அடுப்பும் பற்றவைக்கக் கூடாது, கக்கூசும் போகக்கூடாது என்பது லூர்துமேரி போனில் சொன்ன கட்டளை.

கார்த்திகையில் ஒரு காற்று அடித்தது. பிளெக்ஸின் மாடி, பால்கனியிலிருந்து நெடுக்காகக் கிழிந்து ஒரு பக்கமாகத் தொங்கியது. கிழிசல் வழியே, பூசி வெள்ளை அடித்த நிஜச் சுவர் ஒன்று ரோட்டுக்குத் தெரிந்தது. சரியாக அந்த நேரம் பார்த்து பஸ்ஸில் போன சுப்பராயலு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டினார். மறுநாளே உத்தரவு வந்துவிட்டது. சீல் வைக்கப்பட்ட ஒரு வீட்டுக்குள், அனுமதியின்றி இன்னொரு வீடு கட்டப்பட்டிருக்கிறது. மேற்படி உள்வீடு வருகிற வியாழக்கிழமை காலை இடிக்கப்படும்.

சாமியாருக்கு ஓய்வு இருந்ததும் அந்த வியாழக்கிழமைதான்.

"தேதிய மாத்திடலாம்" என்றான் தென்னரசு. அவன் சாப்பிட்டு இரண்டு நாளாகியிருந்தது. வீடு போனால் ஜெசிந்தாவும் போய்விடுவாள் என்று அவனுக்குத் தெரியும். இனிமேல் கட்ட அவனிடம் தெம்பும் இல்லை, செங்கல்லும் இல்லை.

"மாத்தாத" என்றாள் ஜெசிந்தா. "இடிக்கற வீடா இருந்தாலும் மந்திரிச்சிட்டே இடிக்கட்டும்."

வியாழக்கிழமை காலையில் பிளெக்ஸைச் சுற்றி வந்து சொந்தக்காரர்கள் எல்லாம் கூடினார்கள். தென்னரசுவின் அண்ணி பால் காய்ச்சினாள். சாமியார் தீர்த்தம் தெளித்துவிட்டு, அடுத்த ஊருக்குப் போக வேண்டும் என்று ஸ்கூட்டரில் கிளம்பினார். அவர் போன புழுதி அடங்குவதற்குள், பொக்லைன் வந்து நின்றது. பின்னால் ஜீப்பில் சுப்பராயலுவும் அன்புச்செல்வியும் வந்து இறங்கினார்கள்.

"சார், அந்தத் துணிய அவுத்துட்டா வேல சீக்கிரம் முடியும்" என்றான் பொக்லைன் டிரைவர்.

"அதத் தொடாத. அது சீல் வச்ச கட்டடம்" என்று அதட்டினார் சுப்பராயலு. "அதுக்கு ஒரு கீறல் வுழக்கூடாது. பின்னால சுத்திப் போயி உள்வீட்ட மட்டும் இடி."

பின்பக்கம் பள்ளம். டிரைவர் திட்டிக்கொண்டே வண்டியைத் திருப்பினான். வண்டி முள்ளில் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. நேரம் ஆயிற்று. சுப்பராயலு ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கத் தொடங்கினார்.

விழுப்புரத்துக் கூட்டத்துக்குக் காலையில் முதல் ஆளாகப் போய்த் தலையைக் காட்டிவிட்டு நேராக வந்திருந்தார். அங்கே கொடுத்த டீயைத் தொடாமல், சர்க்கரை நோய்க்காக வீட்டிலிருந்து கொண்டுபோன ஒரு பெரிய பிளாஸ்க் வெந்தயத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்திருந்தார். இப்போது சுற்றிலும் பார்த்தார். எங்கு பார்த்தாலும் விசேஷத்துக்கு வந்த பெண்கள். முள்ளுக்காட்டு ஓரமாக ஒரு பலகை நின்றது. 'திறந்தவெளிக் கழிப்பிடம் முற்றிலும் ஒழிக்கப்பட்ட பேரூராட்சி' என்று அதில் எழுதி, கீழே சுப்பராயலுவே சிரித்துக்கொண்டிருந்தார்.

ஜெசிந்தாவின் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அம்மா, இங்க பாத்ரூமு..."

"இருக்குதே சார். உங்க பதிவுல ரெண்டு இருக்குது. ஒண்ணு மாடியில."

சுப்பராயலு அண்ணாந்து பார்த்தார். கிழிந்த பால்கனியில் நகைக்கடைப் பெண் ஒற்றைக் கையால் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"கதவுல சீல் இருக்குதும்மா."

"நீங்க வச்சதுதான சார். உடைச்சிட்டுப் போங்க."

"சீல உடைக்கணும்னா மேலிடத்து உத்தரவு வேணும்."

"வாங்கிக்கினு வாங்க. நாங்க எங்க போயிடப் போறோம்."

சுப்பராயலு ஒருமுறை கண்ணை மூடித் திறந்தார். பொக்லைன் பள்ளத்தைத் தாண்டிவிட்டது. அதன் கை மெல்ல உயர்ந்தது. "பின்னால ஒண்ணு கட்டிருக்கீங்கல்லம்மா..."

"எது, இடிக்க வந்திருக்கீங்களே, அதுவா? அனுமதி இல்லாத கக்கூசு சார் அது. உங்கள மாதிரி ஒரு நேர்மையான ஆபீசரு அதுக்குள்ள போனாருன்னு நாளைக்கி யாராவது சொன்னா உங்களுக்கு என்னா மரியாத?"

"அது..." சுப்பராயலுவின் நெற்றி வேர்த்தது. "அத உள் பராமரிப்பு வேலன்னு எடுத்துக்கலாம்."

"எடுத்துக்கலாம்னு வாயால சொன்னா ஆச்சா சார்? பதிவு வேணாமா?"

அன்புச்செல்வி பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினாள். "முத்திரையும் கொண்டாந்திருக்கேன் சார்" என்றாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

எழுத இடம் தேடினார்கள். தென்னரசு திரும்பிக் குனிந்துகொண்டான். சுப்பராயலு இடிப்பு உத்தரவை மறுபக்கமாகத் திருப்பி, அவன் முதுகின்மேல் வைத்து, இரண்டு காலையும் பின்னிக்கொண்டு எழுதினார். மேற்படி கட்டடத்தினுள் நடைபெற்ற உள் பராமரிப்புப் பணி நேரில் பார்வையிடப்பட்டது. திருப்திகரம். இடிக்கத் தேவையில்லை. அவர் பதவிக்கு வந்தபின் கொடுத்த முதல் அனுமதியின் கையெழுத்து கொஞ்சம் ஆடியிருந்தது. அன்புச்செல்வி முத்திரையை அழுத்திக் குத்தியபோது தென்னரசு முதுகில் வலித்தது. அவன் அசையவில்லை.

ஜெசிந்தா தாளை வாங்கி ஒரு வரி விடாமல் படித்தாள். நிதானமாகத்தான் படித்தாள். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தாள். சுப்பராயலு ஒரு செயல் அலுவலர் ஓடக்கூடாத வேகத்தில் பிளெக்ஸைச் சுற்றிக்கொண்டு ஓடினார். குண்டுத் தாழ்ப்பாள் விழுந்த சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது.

டிரைவர் இரும்புக் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தான். "இன்னாம்மா, இடிக்கறதா, வேணாமா?"

"சார் உள்ள இருக்காரு" என்றாள் ஜெசிந்தா.

அவன் வண்டியை அணைத்துவிட்டு பீடி பற்றவைத்துக்கொண்டான். அண்ணி எல்லோருக்கும் பால் கொண்டுவந்தாள். தென்னரசு அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஜெசிந்தாவிடம் வந்தான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

"இனிமே யாரும் இடிக்க முடியாது ஜெசி. முத்திரயே வச்சிக் குடுத்துட்டாரு."

ஜெசிந்தா தாளைப் பார்க்கவில்லை. மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே குழாயை யாரோ தாராளமாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது.

"நானே இன்னும் அதுல போவல" என்றாள்.